உறவுமுறை

காலை ஏழரை. நீரிணையிலிருந்து வரும் காற்று
ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது.
புந்தா அரேனாஸில் இப்படிப்பட்ட நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
என் ஒரு கையில் கயிறு,
மறு கையில் த்ரினா குசனோவிச்சின் கோட்டு முழங்கை.
நான்கு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.

கூட ஒருவர் வரவேண்டும்,
கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகவேண்டும்,
இல்லாவிட்டால் கண்ணில் கைவைக்க மாட்டோம் என்று
ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.
மகன் வடக்கே செம்புச் சுரங்கத்தில்.
மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள்.
நாய் கையெழுத்துப் போடாது.
மிச்சம் பக்கத்து வீடு.
தட்டினேன். "என்றைக்கு?" என்றாள். அவ்வளவுதான்.

சண்டை, வேலியால் வந்தது.
இரண்டு வீட்டுக்கும் பொதுவான தகர வேலி,
பெயிண்ட் அடித்தவன் நான்.
சாம்பல் என்றேன்.
நீலம் என்றாள், அதிலும் சர்க்கஸ் கூடார நீலமாம்.
உனக்குக் கண் அவிந்துபோயிற்றா என்று நான் கேட்டது
தெருக்கோடி ரொட்டிக்கடை வரை கேட்டதாம்.

படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம்.
பேனா முனையைப் பல்லில் தட்டிக்கொண்டே நின்று
ஏதோ எழுதித் தள்ளிவிட்டாள்.
வரவேற்புப் பெண் அதை உரக்கப் படித்தாள்:
"வேலி?"
"ஆமாம். வேலி."

இடது புருவத்துக்கு மேலே பேனாவால் அம்புக்குறி.
பத்து நிமிஷத்துக்கொரு சொட்டு.
பிறகு ஓட்டை போட்ட துணி ஒன்று
என் அறுபத்தெட்டு வயதையும் மூடிவிட்டு
ஒற்றைக் கண்ணை மட்டும் வெளியே விட்டது.

கத்தி வரும், பார்ப்பேன் என்று பயந்திருந்தேன்.
கத்தி வரவில்லை.
மூன்று விளக்குகள் வந்தன,
அவற்றின்மேல் தண்ணீர் ஓடியது.
ஆற்றுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் கல்
மேலே போகும் வெயிலைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
ஏதோ எந்திரம் தேனீ போல முனகி
எனக்குள்ளிருந்த எதையோ உறிஞ்சிக் குடித்தது.
டாக்டரம்மா தாதியிடம்
மைத்துனன் வாங்கிய பழைய ஜீப்பைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
எனக்கு இருமல் வந்தது. இருமக்கூடாது.
துணிக்கு அடியில் யாரோ ஒரு கையைத் தந்தார்கள்,
அதைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு
ஜீப்பின் கியர்பாக்ஸைப் பற்றியே நினைத்தேன்.

பதினெட்டு நிமிஷம்.
எழுந்து உட்காரச் சொன்னார்கள், தேநீரும் பிஸ்கட்டும்.
பக்கத்து நாற்காலிகளில் இன்னும் ஐந்து பேர்,
எல்லோருக்கும் ஒற்றைக் கண்ணில் பிளாஸ்டிக் மூடி,
கப்பல் இழந்த கடற்கொள்ளையர்கள்.
ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கப் பார்த்து
கோப்பையின் காதைத் தேடித் தடவினோம்.

மறுநாள் காலை மூடியை எடுத்தார்கள்.
வீடு திரும்பும் வழியெல்லாம் தரையையே பார்த்துவந்தேன்.
வாசலில் வந்துதான் நிமிர்ந்தேன்.

வேலி நீலம்.
நீலமென்றால் இப்படியா?
கூவுகிற நீலம், தெருவையே கூப்பிடுகிற நீலம்,
நாலு வருஷமாக அவள் சமையலறை ஜன்னலில்
இதுவா நின்றது?

இடது கண்ணைப் பொத்தினேன்: சாம்பல்.
நான் பொய் சொல்லவில்லை.
வலது கண்ணைப் பொத்தினேன்: நீலம்.
அவளும் சொல்லவில்லை.
மூக்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக
கை மாற்றி மாற்றி நின்ற என்னை
அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றியபடி பார்த்தாள்.

மன்னிப்பு என்ற சொல்லைத் தேடினேன்.
தொண்டையில் வேறு ஏதோ சிக்கியது.
"சர்க்கஸ்தான்," என்றேன்.
"நாலு மணிக்குச் சொட்டு மருந்து," என்றாள்,
"தலையை ஆட்டாமல் இரு. நான் வந்து விடுகிறேன்."

ஜனவரியில் வலது கண்.
அதுவரை சில சாயங்காலங்களில்
நல்ல கண்ணை மூடிக்கொண்டு
அந்தச் சாம்பலைக் கொஞ்சம் பார்க்கிறேன்.
அழகாகத்தான் இருந்தது.